முழங்கால் தசைநார்க் கிழிவு: காயத்திலிருந்து களம் வரை

மனித உடலின் மூட்டுகளில் மிகப் பெரியது முழங்கால். தொடை எலும்பின் கீழ்முனை, கணைக்கால் எலும்பின் மேல்முனை, முன்னால் சில்லு என மூன்று எலும்புகள் இங்கே கூடுகின்றன. இடுப்பில் தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் அமர்ந்திருப்பதால் அந்த மூட்டு எளிதில் நழுவாது. முழங்காலில் அப்படிப்பட்ட குழி கிடையாது. தொடை எலும்பின் இரண்டு உருண்ட முனைகள் ஏறக்குறையத் தட்டையான ஒரு மேடையின்மீது உருண்டும் வழுக்கியும் நகர்கின்றன. ஓடும்போதும் குதிக்கும்போதும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அந்த மேடையில் இறங்குகிறது. எலும்பின் வடிவம் தராத உறுதியைத் தசைநார்களும் தசைகளும்தான் தரவேண்டும். விளையாட்டு வீரர்களின் முழங்கால் அடிக்கடி காயப்படுவதற்கு இந்த அமைப்பே அடிப்படைக் காரணம்.

நான்கு தசைநார்கள்

எலும்பை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கற்றை தசைநார். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். பேச்சில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்றால் பெரும்பாலும் தசைநார் கிழிந்ததையே குறிக்கும்.

முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு. மூட்டின் உட்பக்கத்தில் எம்.சி.எல். எனப்படும் பட்டையான தசைநார் இருக்கிறது. முழங்கால் உள்நோக்கி மடங்கிவிடாமல் காப்பது இதன் வேலை. வெளிப்பக்கத்தில் இருக்கும் எல்.சி.எல். மெல்லிய கயிறு போன்றது. கால் வெளிப்புறமாக வளைவதைத் தடுக்கிறது. மற்ற இரண்டும் மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. பின்னால் இருக்கும் பி.சி.எல். கணைக்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவதைத் தடுக்கிறது. முன்னால் இருக்கும் ஏ.சி.எல். அதே எலும்பு முன்னோக்கி நழுவுவதையும், தொடைக்குக் கீழே அது திருகிக்கொள்வதையும் தடுக்கிறது.

விளையாட்டு உலகம் அதிகம் அஞ்சுவது ஏ.சி.எல். கிழிவை. சுமார் 3 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இந்தச் சிறு நார்தான் திடீரென்று நிற்பது, திசை மாற்றுவது, தாவி இறங்குவது ஆகிய அசைவுகளில் முழங்காலை நிலையாக வைத்திருக்கிறது. நேர்க்கோட்டில் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் இதன் உதவி அதிகம் தேவைப்படாது. கால்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து, கபடி, மல்யுத்தம், கைப்பந்து போன்ற ஆட்டங்களில் இது இல்லாமல் சமாளிப்பது மிகக் கடினம்.

தசைநார்களுக்கு இடையே, எலும்பு முனைகளுக்கு நடுவில், பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்று அழைக்கப்படும் இவை அதிர்வைத் தாங்கி எடையைப் பரப்பிவிடுகின்றன. ஏ.சி.எல். கிழியும்போது இவற்றில் ஒன்றும் சேர்ந்து கிழிவது சகஜம்.

கிழியும் கணம்

ஏ.சி.எல். கிழிவு என்றால் எதிராளி மோதியதால் வந்தது என்று பலர் நினைப்பதுண்டு. ஏறக்குறைய பத்தில் ஏழு கிழிவுகள் யாரும் மோதாமலே நிகழ்கின்றன. ஓடிவந்த வேகத்தில் வீரர் சட்டென்று நிற்கிறார், அல்லது ஒரு காலை ஊன்றித் திரும்புகிறார், அல்லது தாவி ஒற்றைக் காலில் இறங்குகிறார். முழங்கால் போதிய அளவு மடங்காமல் நேராக இருக்கிறது. பாதம் தரையில் பதிந்துவிட்டது. உடல் மட்டும் வேறு திசையில் திரும்புகிறது. முழங்கால் உள்நோக்கிச் சாய, தொடையின் முன்தசை கணைக்கால் எலும்பை முன்னுக்கு இழுக்க, தசைநார் அறுகிறது. காயக் காட்சிகளை ஒவ்வொரு சட்டமாக ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி விநாடிகளுக்குள் இது நடந்துவிடுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆபத்தை உணர்ந்து காலைச் சரிசெய்ய மூளைக்கு அந்த நேரம் போதாது.

2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் நடந்த இந்தோனேசியா மாஸ்டர்ஸ் பூப்பந்து இறுதிப் போட்டி இதற்கு ஓர் உதாரணம். ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவை வென்று தங்கம் பெற்ற ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரின், சாய்னா நேவாலுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் 10-4 என்று முன்னிலையில் இருந்தார். ஒரு பந்தை அடித்து இறங்கியபோது வலது முழங்கால் மடிந்தது. வலைக்கு அப்பால் நின்ற சாய்னா அவரைத் தொடக்கூட வாய்ப்பில்லை. அன்று கிழிந்தது ஏ.சி.எல்.

கபடியில் நிலைமை சற்று வேறு. பாடிச் செல்பவரின் கணுக்காலையோ தொடையையோ எதிரணியினர் பிடித்துக்கொள்கிறார்கள். பாதம் அசைய முடியாமல் நிற்க, அவர் உடலைத் திருகி நடுக்கோட்டை எட்டப் பார்க்கிறார். பக்கத்திலிருந்து இன்னொருவர் மேலே விழுகிறார். திருகும் விசையும் பக்கவாட்டு விசையும் ஒரே நேரத்தில் இறங்குவதால் ஏ.சி.எல்., எம்.சி.எல். இரண்டும் சேர்ந்து கிழியக்கூடும். மண் தரையில் பாதம் கொஞ்சம் வழுக்கும். ரப்பர் விரிப்பில் காலணியோடு ஆடும்போது பாதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. தரைக்கும் காலணிக்கும் இடையிலான பிடிப்பு கூடக்கூட, திருகும் விசை முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. கால்பந்தில் நீண்ட குமிழ்கள் கொண்ட காலணிகளாலும் இதே சிக்கல் எழுகிறது.

பி.சி.எல். பெரும்பாலும் நேரடி அடியில் கிழியும். மடங்கிய முழங்காலில் விழும்போதோ, வாகன விபத்தில் கால் முன்பலகையில் மோதும்போதோ கணைக்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கடும் விபத்துகளில் பல தசைநார்கள் ஒரே நேரத்தில் அறுந்து மூட்டே விலகிவிடுவதும் உண்டு. 2022 டிசம்பர் 30 அதிகாலை ரூர்க்கி அருகே நடந்த கார் விபத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்துக்கு வலது முழங்கால் விலகித் தசைநார்கள் கிழிந்தன. இத்தகைய விலகலில் முழங்காலின் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுபடவும் வாய்ப்பு உண்டு. சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரிடும். எனவே முழங்கால் விலகலை அவசரச் சிகிச்சைக்குரியதாகவே கருதவேண்டும்.

பெண்களுக்கு அதிக ஆபத்து

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு 2 முதல் 8 மடங்கு வரை அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பருவமடையும் வயதுக்குப் பிறகுதான் இந்த வேறுபாடு தெரியத் தொடங்குகிறது. இடுப்பின் அகலம், தொடை எலும்பின் நடுவே தசைநார் செல்லும் பள்ளத்தின் குறுகல், ஹார்மோன் மாற்றங்கள், தாவி இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயும் பழக்கம் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. சிறுவயதிலிருந்து கிடைக்கும் உடல்வலுப் பயிற்சி, ஆடுகளத்தின் தரம், ஆண்களின் பாதத்துக்கென வடிவமைக்கப்பட்ட காலணி போன்ற புறக்காரணங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் பயிற்சியால் மாற்றக்கூடியவை இறங்கும் முறையும் தசை வலுவும். தடுப்புப் பயிற்சிகள் இந்த இரண்டையுமே குறிவைக்கின்றன.

உலகின் சிறந்த வீராங்கனைக்கான பாலோன் தோர் விருதை வைத்திருந்த ஸ்பெயினின் அலெக்சியா புடேயாஸ், 2022 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தொடங்குவதற்கு முந்தைய நாள் பயிற்சியில் ஏ.சி.எல். கிழிந்து விலகினார். 2022-23 பருவத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் மகளிர் அணியில் மட்டும் பெத் மீட், விவியானே மீடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர் ஆகிய நால்வருக்கு இதே காயம் நேர்ந்தது. மகளிர் கால்பந்தில் இந்தக் காயம் பெரிய விவாதமானது அந்தப் பருவத்தில்தான்.

அறிகுறிகளும் முதலுதவியும்

ஏ.சி.எல். கிழியும்போது 'டப்' என்ற ஓசையைக் கேட்டதாகவோ உணர்ந்ததாகவோ பலர் சொல்கிறார்கள். வலியால் ஆட்டத்தைத் தொடர முடியாது. தசைநாரில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய் அறுவதால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து, சில மணி நேரத்துக்குள் முழங்கால் நன்றாக வீங்கிவிடும். அடிபட்ட மறுநாள் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸ் கிழிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு, மூன்று வாரங்களில் வீக்கமும் வலியும் வடிந்து, வீரர் சாதாரணமாக நடக்கத் தொடங்குவார். காயம் ஆறிவிட்டது என்று நம்பி மீண்டும் ஆடப் போவது இந்தக் கட்டத்தில்தான். திரும்பும்போது முழங்கால் பிடிப்பின்றி விட்டுப்போகும். அப்படி விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸும் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பும் சேதமாகலாம்.

காயம் பட்டவுடன் ஆட்டத்தை நிறுத்திக் காலுக்கு ஓய்வு தரவேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியால் 15 முதல் 20 நிமிடங்கள் ஒத்தடம் கொடுத்து, இடைவெளி விட்டு அதையே திரும்பச் செய்யலாம். மீள்துணிக் கட்டு போட்டு, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். முதல் சில நாட்களில் சுடு ஒத்தடமும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், இழுத்துச் சொடுக்கெடுப்பதும் வீக்கத்தை அதிகமாக்கும்.

கையும் கருவியும்

எக்ஸ்-ரேயில் தசைநார் தெரியாது. எலும்பு முறிவு இருக்கிறதா என்று அறியவே அது எடுக்கப்படுகிறது. தசைநாரின் நிலையை அனுபவமுள்ள மருத்துவரின் கை கண்டுபிடித்துவிடும். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறுகையால் கணைக்காலை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான காலில் எலும்பு கொஞ்சம் நகர்ந்து இறுக்கமாக நின்றுவிடும். ஏ.சி.எல். அறுந்த காலில் அந்த நிறுத்தம் இருக்காது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றிய ஜான் லாக்மன் என்ற மருத்துவரின் பெயரால் இது லாக்மன் சோதனை எனப்படுகிறது. முதலில் மறுகாலைச் சோதித்துவிட்டு ஒப்பிடுவதே சரியான முறை. சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

கிழிவை உறுதிசெய்யவும், மெனிஸ்கஸ், குருத்தெலும்பு ஆகியவற்றின் நிலையை அறியவும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. கிழிவு மூன்று நிலைகளாக வகுக்கப்படும். நார் இழுபட்டு நுண்கிழிவுகள் மட்டும் இருந்தால் முதல் நிலை. பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. முழுவதும் அறுந்தால் மூன்றாம் நிலை.

அறுவை யாருக்கு?

எம்.சி.எல். மூட்டுக்கு வெளியே இருக்கிறது. ரத்த ஓட்டமும் நன்றாக உண்டு. தனியாக அது மட்டும் கிழிந்தால், பிரேஸ் அணிந்து படிப்படியாகப் பயிற்சி செய்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். பி.சி.எல். கிழிவும் பலருக்கு அறுவையின்றிச் சமாளிக்கக்கூடியதே. ஏ.சி.எல். மூட்டுக்குள்ளே, மூட்டுத் திரவம் சூழ்ந்த இடத்தில் இருக்கிறது. அறுந்த முனைகளுக்கு நடுவே உறைந்த ரத்தம் தங்கினால்தான் புதிய திசு வளரும். அந்தத் திரவம் அதைத் தங்கவிடாமல் கரைத்துவிடுகிறது. அதனால் முழுமையாக அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. முழங்காலை 90 டிகிரியில் மடக்கி நான்கு வாரங்கள் பிரேஸில் வைத்து அறுந்த முனைகளை நெருங்கச் செய்யும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முயன்றிருக்கிறார்கள். 2023இல் வெளியான 80 பேரின் முடிவுகளில் பெரும்பாலோருக்கு ஸ்கேனில் நார் ஒட்டும் அறிகுறி தெரிந்தது. இருந்தாலும் அது இன்னும் பரவலான சிகிச்சையாகவில்லை.

ஏ.சி.எல். கிழிந்த எல்லோருக்கும் உடனே அறுவை தேவை என்பதும் சரியல்ல. சுவீடனில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சுறுசுறுப்பாக இயங்கும் இளவயதினர் 121 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உடனே அறுவை. மற்றதற்கு முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரு குழுக்களின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சிக் குழுவில் ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் பாதிப் பேருக்கு அறுவை தேவைப்பட்டது. மற்ற பாதிப் பேர் அறுவையின்றியே சமாளித்தனர்.

எனவே வயது, விளையாட்டு, முழங்கால் அடிக்கடி விட்டுப்போகிறதா, மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே முடிவெடுக்கப்படுகிறது. நீச்சல், சைக்கிள், நேர்க்கோட்டு ஓட்டம் ஆகியவற்றோடு நின்றுவிடுபவர் பயிற்சியால் காலம் தள்ளலாம். திரும்பித் தாவும் விளையாட்டுக்குப் போட்டிநிலையில் திரும்ப விரும்பும் இளைஞருக்கு அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

நாரைப் புதிதாக அமைத்தல்

அறுந்த ஏ.சி.எல்.லைத் தைத்து ஒட்டவைக்கும் முதல் முயற்சியை 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குச் செய்தார். தைத்த நார்கள் பலருக்கு நாளடைவில் பிரிந்துவிட்டன. ஆகவே பழைய நாரைத் தைப்பதைவிட, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை அதன் இடத்தில் பொருத்தும் முறை நிலைபெற்றது.

ஜப்பானிய மருத்துவர்கள் கென்ஜி தாகாகி, மசாக்கி வாட்டனாபே ஆகியோர் வளர்த்தெடுத்த ஆர்த்ரோஸ்கோப்பி என்னும் மூட்டு அகநோக்கி இந்த அறுவையை எளிமையாக்கியது. முழங்காலில் சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றதில் கருவியும் செலுத்தப்படுகின்றன. தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் பழைய தசைநார் இருந்த இடத்தில் குறுகிய சுரங்கம் துளைத்து, மாற்றுநாரை அதில் நுழைத்து, திருகாணியாலோ சிறு உலோகப் பொத்தானாலோ இறுக்குகிறார்கள்.

மாற்றுநார் எங்கிருந்து எடுப்பது என்பதில் மூன்று வழிகள் அதிகம் பயன்படுகின்றன. சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடுப்பகுதியை இரு முனைகளிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுப்பது ஒன்று. எலும்போடு எலும்பு விரைவாக இணைவதால் இது உறுதியானது. ஆனால் முட்டி போடும்போது முன்பக்கம் வலி நீடிக்கலாம். முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கும் தொழுகைக்கோ வழிபாட்டுக்கோ மண்டியிடுபவர்களுக்கும் இதைச் சொல்லியே தேர்வு செய்யவேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடைப் பின்தசையின் இரண்டு தசைநாண்களை எடுத்து மடித்துப் பயன்படுத்துவது இரண்டாவது. தழும்பு சிறியது, ஆனால் காலை மடக்கும் வலு சற்றுக் குறையும். சில்லுக்கு மேலே தொடை முன்தசையின் தசைநாணை எடுப்பது மூன்றாவது. அண்மை ஆண்டுகளில் இது கூடிவருகிறது. இறந்தவரின் கொடைத் திசுவைப் பொருத்துவதும் உண்டு. ஆனால் இளம் விளையாட்டு வீரர்களிடம் அது மீண்டும் அறும் வாய்ப்பு அதிகம் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

இளம் வயதினருக்கு மாற்றுநாரோடு முழங்காலின் வெளிப்பக்கத்தில் இன்னொரு பட்டையையும் சேர்த்துத் தைப்பதுண்டு. 2020இல் வெளியான 618 பேரின் ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் நாரோடு இந்தப் பட்டையும் சேர்ந்தபோது இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்றுநார் அறும் விகிதம் 11 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாகக் குறைந்தது.

மறுசீரமைப்பு: படிப்படியாக

பொருத்திய தசைநாண் அன்றே தசைநாராகிவிடுவதில்லை. முதலில் அதன் பழைய செல்கள் இறக்கின்றன. பிறகு புதிய ரத்தக்குழாய்கள் ஊடுருவிப் புதிய செல்கள் குடியேறி, நாரை மெல்ல மெல்ல மாற்றியமைக்கின்றன. இந்த மாற்றம் முடிய ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் ஆகலாம். இடையில், ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, நார் மிகவும் பலவீனமாக இருக்கும். நோயாளிக்கோ அப்போது வலி தீர்ந்து, கால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். பயிற்சித் திட்டத்தை வகுப்பவர்கள் இந்த இடைவெளியை நினைவில் வைத்தே அடியெடுத்து வைக்கிறார்கள்.

பயிற்சி அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. வீக்கத்தை வடியவைத்து, முழங்காலை முழுமையாக நீட்டப் பழகி, தொடைத் தசையை ஓரளவு வலுப்படுத்திய பிறகு அறுவை செய்தால் பின்விளைவுகள் குறையும். வீங்கி விறைத்த முழங்காலில் அவசரமாக அறுவை செய்தால் மூட்டு இறுகிவிடும் அபாயம் உண்டு.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் முக்கிய இலக்கு முழங்காலை முழுவதுமாக நீட்டுவது. பத்து டிகிரி நீட்டம் குறைந்தாலும் நடை மாறிவிடும். சில்லின் முன்பக்கம் வலி நிலைத்துவிடும். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைத் தரைநோக்கி அழுத்துவது முதல் பயிற்சி. நேராக நீட்டிய காலை உயர்த்துவது அடுத்தது. மூட்டு வீங்கியிருக்கும்போது நரம்பு மண்டலம் தொடை முன்தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடுவதால், தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். அதை மீண்டும் இயக்க, பிசியோதெரபிஸ்டுகள் மின்தூண்டலையும் பயன்படுத்துகிறார்கள்.

ஊன்றுகோலை விட்டு, நொண்டாமல் நடப்பது அடுத்த கட்டம். மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் ஊன்றுகோல் அதிக நாள் தேவைப்படும். ஆறு வாரத்துக்குள் முழங்கால் 120 டிகிரி அளவுக்காவது மடங்கவேண்டும். அசையாச் சைக்கிள் மிதிப்பது இதற்கு உதவுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஸ்குவாட், லெக் பிரஸ், படி ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் சமநிலையில் நிற்றல் என வலுப் பயிற்சிகள் கூடுகின்றன. ஓட்டம் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதங்களுக்குப் பிறகே. வீக்கம் இல்லாமல், காயக்காலின் வலு மறுகாலின் வலுவில் 70 சதவிகிதத்துக்கு மேல் வந்திருந்தால் மட்டுமே அதற்கு அனுமதி. தாவுதல், திசை மாற்றுதல், களத்தில் பந்தோடு பயிற்சி ஆகியவை ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன.

நாட்காட்டியும் தகுதியும்

எத்தனை மாதத்தில் ஆடலாம் என்பதே வீரர், பயிற்சியாளர், பெற்றோர் என எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஒன்பதாவது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் முழங்கால் காயப்படும் விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில், திரும்பும் முன் வலுச் சோதனைகளில் தேறியவர்களில் 6 சதவிகிதத்துக்கும் குறைவானவர்களே மீண்டும் காயப்பட்டனர். தேறாமல் திரும்பியவர்களில் இது 38 சதவிகிதம். காலம் போதாது, தகுதியும் வேண்டும் என்ற முடிவுக்கு விளையாட்டு மருத்துவம் வந்தது இதுபோன்ற ஆய்வுகளால்தான்.

அந்தத் தகுதிகள் அளக்கக்கூடியவை. முழங்காலில் வீக்கமோ வலியோ இருக்கக்கூடாது. தொடை முன்தசையின் வலு மறுகாலோடு ஒப்பிடும்போது குறைந்தது 90 சதவிகிதம் இருக்கவேண்டும். ஒற்றைக் காலில் ஒருமுறை தாவுதல், தொடர்ந்து மும்முறை தாவுதல், கோட்டைக் குறுக்காகக் கடந்து தாவுதல், 6 மீட்டர் தூரத்தைக் குறைந்த நேரத்தில் தாவிக் கடத்தல் ஆகிய நான்கிலும் அதே 90 சதவிகிதம் வேண்டும். எவ்வளவு தூரம் தாவுகிறார் என்பதோடு எப்படி இறங்குகிறார் என்பதையும் காணொளியில் பதிந்து பார்க்கிறார்கள். ஓய்வில் இருந்த மாதங்களில் மறுகாலும் வலுவிழந்திருக்கும் என்பதால், ஒப்பீட்டு அளவு மட்டும் சிலரை ஏமாற்றிவிடும். காயத்துக்கு முன் எடுத்த அளவு இருந்தால் அதுவே நம்பகமானது.

மனநிலையும் சோதிக்கப்படுகிறது. முழங்காலை நம்பி முழு வேகத்தில் திரும்ப முடியுமா, மீண்டும் கிழியும் என்ற பயம் இருக்கிறதா என்பவற்றைக் கேட்கும் வினாநிரல்கள் உள்ளன. தயங்கித் தயங்கி ஆடுபவர் காலை விறைப்பாக வைத்து இறங்குவார். அந்த விறைப்பே ஆபத்து. உடல் தேறியும் பயத்தால் விளையாட்டை விட்டவர்கள் பலர். ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்புபவர்கள் நூற்றுக்கு 81 பேர் என்றால், பழைய நிலைக்குத் திரும்புபவர்கள் 65 பேர். போட்டி விளையாட்டுக்குத் திரும்புபவர்கள் 55 பேர் மட்டுமே என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள்

புடேயாஸ் காயம்பட்டு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 2023 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது இடது முழங்கால் காயமடைந்து மும்பையில் அறுவை நடந்தது. அந்த ஆண்டின் ஆசிய விளையாட்டில் அவரால் பங்கேற்க முடியவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் பாரிஸ் ஒலிம்பிக்கில், வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யூயி சுசாகியை முதல் சுற்றில் வீழ்த்தி இறுதிச் சுற்றுவரை முன்னேறினார்.

பல தசைநார்கள் கிழிந்த ரிஷப் பந்துக்கு ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் ஆயின. 2024 மார்ச்சில் ஐ.பி.எல். போட்டியில் திரும்பினார். விக்கெட் கீப்பருக்குக் குந்தி அமர்ந்து எழுவது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை தேவை. டெஸ்ட் ஆட்டத்துக்கு அவர் திரும்பியது மேலும் ஆறு மாதங்கள் கழித்து. 2024 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 109 ரன்கள் எடுத்தார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. மரின் எட்டே மாதங்களில் திரும்பி, 2019 செப்டம்பரில் சீன ஓபன் பட்டத்தை வென்றார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு இடது முழங்காலின் ஏ.சி.எல். கிழிந்தது. அதிலிருந்தும் மீண்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் வெல்லும் நிலையில் இருந்தபோது வலது முழங்கால் மறுபடியும் காயப்பட்டு விலகினார். ஒரு காலில் கிழிவு கண்டவருக்கு மறுகாலிலும் ஆபத்து அதிகம். விளையாட்டுக்குத் திரும்பும் 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு காலில் இரண்டாவது கிழிவு நேர்கிறது.

நீண்டகால விளைவும் உண்டு. ஏ.சி.எல். அல்லது மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் தெரியத் தொடங்குகிறது. பதினேழு வயதில் காயப்பட்டவர் முப்பதுகளிலேயே முட்டிவலிக்கு ஆளாகலாம். அறுவை செய்தால் தேய்மானம் வராது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மெனிஸ்கஸை வெட்டி எடுக்காமல் இயன்றவரை தைத்துக் காப்பதும், உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும், தொடைத் தசையை வாழ்நாள் முழுவதும் வலுவாக வைத்திருப்பதும் தேய்மானத்தைத் தள்ளிப்போட உதவும்.

தடுப்பது

40 மில்லி விநாடிகளில் நடந்துவிடும் காயத்தை அந்தக் கணத்தில் யோசித்துத் தவிர்க்க முடியாது. சரியாக இறங்குவது முன்கூட்டியே பழக்கமாகியிருக்கவேண்டும். தடுப்புப் பயிற்சிகள் அனைத்தின் நோக்கமும் இதுவே. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு உருவாக்கிய 'ஃபிஃபா 11 பிளஸ்' இவற்றில் மிகவும் அறியப்பட்டது. வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாக வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யவேண்டிய 15 பயிற்சிகள் அதில் உள்ளன. சுமார் 20 நிமிடம் ஆகும். மெதுவான ஓட்டம், வயிறு-இடுப்பு-கால் வலு, சமநிலை, தாவி இறங்குதல், வேகமாக ஓடித் திசை மாற்றுதல் என்று வரிசையாகச் செல்லும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

கவனிக்கவேண்டிய அசைவுகள் சில. தாவி இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டு, முழங்காலும் இடுப்பும் நன்றாக மடங்கவேண்டும். முழங்கால் உள்ளே சாயாமல் கால்விரல்களுக்கு நேராக நிற்கவேண்டும். நிற்கும்போது ஒரே எட்டில் நிற்காமல் இரண்டு, மூன்று சிறு எட்டுகள் வைத்து வேகத்தைக் குறைக்கவேண்டும். உடற்பகுதி பக்கவாட்டில் சாயக்கூடாது. பயிற்சியாளர் பார்த்துத் திருத்தும்போதுதான் இவை பதியும். பலர் செய்யத் தவறுவதும் இந்தத் திருத்தத்தைத்தான். களைப்பில் உத்தி சிதைவதால் பயிற்சியின் இறுதியிலும் சில நிமிடங்கள் இவற்றைச் செய்வது நல்லது.

தொடைப் பின்தசை முன்தசைக்கு இணையாக வலுப்பெறவேண்டும். கணைக்கால் எலும்பு முன்னே நழுவுவதைத் தசைநாரோடு சேர்ந்து தடுப்பது அந்தப் பின்தசையே. தரைக்கேற்ற காலணி, போட்டிகளுக்கிடையே போதிய ஓய்வு ஆகியவையும் முக்கியம். பள்ளி, கல்லூரி அணிகளில் இந்தப் பயிற்சிகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தொடங்குவது நல்லது. ஆபத்து கூடும் வயதுக்கு முன்பே பழக்கம் பதிந்துவிடும். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள் விளையாட்டைத் தொடரும்வரை அதே பயிற்சிகளைத் தொடரவேண்டும்.